மாவுப் போசி மேல் ஒரு டைனோசர்

பெயின்ட் அடிக்க வந்தவர் இன்று காலை மாவுப் போசியின் மூடி மேலிருந்த கல்லை எடுத்து, "இதையத் தூக்கி வெளிய போட்டறட்டுங்களா, அக்கா?" என்று கேட்டார். வாய் தானாக வேண்டாம் என்றது. பூனை மூடியைத் தள்ளாமலிருக்க அதை அங்கே வைத்தவள் நான்தான். டிவி பக்கத்தில் அதை அலங்காரமாக வைத்திருந்தது நீங்கள்.

கணபதிப் பட்டறை மோட்டார்களை விற்கத் தெலங்கானா போன மனுஷன், கோதாவரிப் பக்கம் ஜுராசிக் காலப் பாறையைத் தோண்டிக்கொண்டிருந்தவர்களோடு மூன்று நாள் ஒட்டிக்கொண்டீர்கள். அவர்கள் உதவாதென்று ஒதுக்கிய ஒரு சில்லை லுங்கியில் சுற்றி வந்து, டைனோசரின் விலா எலும்பு, பதினெட்டுக் கோடி வருஷப் பழசு என்றீர்கள். அப்படியானால் கழுவிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள் என்றேன்.

அங்கே கற்றுவந்த வித்தை ஒன்றுதான். நாக்கில் வைத்தால் வெறும் கல் வழுக்கிவிடும், பழைய எலும்பு ஒட்டும். அதன்பின் கொங்கு நாட்டில் நீங்கள் நக்காத பாறை பாக்கியில்லை. வால்பாறை போகும்போது கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றதும் இறங்கி மலையையே நக்கினீர்கள். பக்கத்து சீட் அம்மா என்னிடம், "ஏனுங்க அம்மணி, அவருக்கு உப்புச்சத்துக் குறைச்சலுங்களா?" என்றார். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

நம் ஊர்ப் பாறை, எலும்பென்ற ஒன்று உலகில் தோன்றுவதற்கும் முந்தியது என்று பீளமேட்டுக் கல்லூரி வாத்தியார் ஒருவர் சொன்ன பிறகுதான் ஓய்ந்தீர்கள். வீட்டுக் கல்லைப் பார்த்துச் சொல்கிறேன் என்றாராம். நீங்கள் காட்டவில்லை. "மொதல்ல எங்கூட்டுக்காரி நம்பட்டுங்க" என்றீர்களாம்.

என்னிடம் நீங்கள் கேட்டதெல்லாம், "ஒரே ஒருக்கா நாக்குல வெச்சுப் பாரு, அம்மணி." ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையிலும் கேட்டீர்கள். வந்தபிறகு பார்க்கலாம் என்றேன். நீங்கள் வரவில்லை. இந்த ஒன்றுக்காக என்னை நான் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்று கல்லை மூன்று தரம் கழுவி, வெயிலில் காயவைத்தேன். மத்தியானம் பெயின்டர் சாப்பிடப் போனதும் நாக்கில் வைத்தேன்.

ஒட்டிக்கொண்டது. பிடியைத் தளர்த்தியும் வழுக்கவில்லை. அந்நேரம் பார்த்து அவர் தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பி வந்து வாசலில் நின்றார். நாக்கில் டைனோசரோடு நான் என்ன சொல்ல? அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கல் இப்போது டிவி பக்கத்தில் இருக்கிறது. போசி மேல் ஒரு தேங்காயை வைத்திருக்கிறேன். அங்கே வைப்பதற்கு முன் கல்லைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் பெயின்டரிடம் நீட்டி, "பதினெட்டுக் கோடி வருசமுங்க, ஒரே ஒருக்கா நாக்குல வெச்சுப் பாருங்க" என்றேன். அவர் பிரஷைக் கழுவப் போய்விட்டார்.

நாளையும் வருவார். நான் விடுவதாக இல்லை.