குழாய்ச் சத்தமும் என் வாயும்

அக்கா,

இன்று காலை மகன் வீட்டுச் சமையலறையில் குழாயைப் பாதி திறந்தேன். உர்ரென்று உறுமியது. “வாஷர் ஆடுதும்மா, மாத்தணும்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவன் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டான். எனக்குத்தான் அதன்பிறகு வேலையே ஓடவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். காரைக்காலில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், தெருவிலிருந்து ஒரே குழாய். உங்கள் வீட்டுக்காரர் துபாயிலிருந்து வந்து போன மறுவாரம், நான் குளியலறையில் வாளி வைத்தால் சுவருக்குள்ளிருந்து உறுமல். தண்ணீரும் நூலாக வந்தது. எனக்குப் போதாதா? அவர் மோட்டார் வாங்கி மாட்டிவிட்டார், நீங்கள் தண்ணீரை உறிஞ்சுகிறீர்கள் என்று நானே முடிவு கட்டினேன். கொல்லையில் நின்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

“அல்லா மேல ஆணையா மோட்டார் இல்ல தங்கச்சி, வந்து பாருங்க. உங்க குழாயிலதான் வாஷர் கழண்டிருக்கும். திருகை அழுத்திப் பிடிச்சுப் பாருங்க, சத்தம் நின்னுடும்” என்றீர்கள்.

“எனக்கே பாடம் எடுக்குறீங்களா?” என்று கதவைச் சாத்தினேன்.

மறுநாளிலிருந்து நீங்கள் தெருக்குழாய்க்குக் குடத்தோடு போக ஆரம்பித்தீர்கள். “ரோஷத்தைப் பாரு!” என்று என் வீட்டுக்காரரிடம் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் அவர் குழாய்க்காரரைக் கூட்டிவந்தார். அந்த மனுஷர் சுவரில் காதை வைத்துக்கொண்டே குளியலறைத் திருகை அழுத்தினார். உறுமல் பட்டென்று நின்றது. கழற்றிப் பார்த்தால் நீங்கள் சொன்ன அதே வாஷர், கிழிந்து தொங்கியது. ஐந்து நிமிட வேலை.

உடனே வந்து சொல்லியிருக்கலாம். கத்தத் தெரிந்த வாய்க்கு அதைச் சொல்ல வரவில்லை. வெள்ளிக்கிழமை சொல்லலாம், நோன்புக் கஞ்சி வாங்கும்போது சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். எட்டு மாதத்தில் நீங்கள் திருமலைராயன்பட்டினத்துக்குக் குடிபோய்விட்டீர்கள். அடுத்த வருஷமே நீங்கள் இல்லை என்று சேதி வந்தது.

துக்கம் கேட்க வந்தபோது உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “உங்க வீட்டுல அந்தச் சத்தம் நின்னுச்சா? வீடு மாறுற வரைக்கும் உம்மா எங்க வீட்டுக்குத் தண்ணி வர்ற வால்வை மூடி வச்சு, திறக்கவே விடலை. தங்கச்சி வந்து சத்தம் நின்னுடுச்சுன்னு சொல்லட்டும், அப்புறம் திறப்போம்னாங்க.”

எட்டு மாதம், அக்கா! அத்தனை குடமும் என்னால்.

“நின்னுடுச்சும்மா” என்று மட்டும் சொன்னேன். எப்போது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். அதுதான் இன்றுவரை நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

பத்தாம் நாளே நின்றுவிட்டது, அக்கா.