பிள்ளை குடிக்கும் பால்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
ஆவணி, 1931

என்னைப் பெற்ற அம்மாவுக்கு மகள் பாக்கியம் விழுந்து கும்பிட்டு எழுதியது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

ரயில்வே குமாஸ்தா சிவசம்பு ஐயா வீட்டில் ஆயாவாக இருக்கிறேன். தாயில்லாப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் பேச்சு. துவைப்பதும் கூட்டுவதும் தானாக வந்து ஒட்டிக்கொண்டன. நான் முகம் சுளிக்கவில்லை.

போன வாரம் ஐயா இன்னொரு வேலை சொன்னார். "பிள்ளைக்குக் குடுக்க முன்னம் பாலை நீ ஒரு வாய் குடிச்சுப் பார்."

"சூடு பாக்கவாங்கய்யா?" என்றேன்.

அவர் அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். பாலைக் காய்ச்சுவது அவருடைய இரண்டாம் சம்சாரம். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

நேற்று பால் லேசாகக் கசந்தது. கொட்டிவிட்டுப் பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தேன். அந்த அம்மாள் வெறும் டம்ளரைப் பார்த்துவிட்டு, "முழுக்கக் குடிச்சிட்டானோ?" என்று இரண்டு தரம் கேட்டார்.

வேலையை விட்டுவிடலாம். ஆனால் பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான்.

கப்பலேறுகிறவர் யாரிடமாவது ஓமமும் சுக்கும் கொடுத்தனுப்புங்கள். இந்த ஊர்த் தண்ணீர் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வேறொன்றுமில்லை.

பால் ஆறுகிறதாம், கூப்பிடுகிறார்கள். இத்துடன் நிறுத்துகிறேன்.

பாக்கியம்