செல்லோவைக் கயிறு கட்டி மச்சுக்கு ஏத்துன கதை

சேசு மரி சூசை துணை

ஏளா சுஜிதா,

இங்கன நானும் ஒங்கம்மையும் ஆண்டவர் புண்ணியத்துல நல்லா இருக்கோம். ஒங்கம்மைக்கு மட்டும் ரெண்டு நாளா தொண்ட கட்டிக் கெடக்கு, வீட்டுல ஒரு சத்தமில்ல, அதனால நான் இன்னும் கொஞ்சம் கூடவே நல்லா இருக்கேன். நீயும் மாப்ள கிளைட்டனும் அந்த அயர்லாந்துக் குளிர்ல வெறச்சிப் போவாம சொகமா இருக்கியளா. போனு இருக்கையில இவருக்கு எதுக்கு காயிதம்னு கேப்ப. இந்த விசயத்த பிள்ளைகிட்ட போன்ல சொல்லப்படாது, கேட்டா லீவப் போட்டுட்டு ஓடி வந்துருவான்னு ஒங்கம்மை எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. போன்ல சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். காயிதத்தப் பத்தி அவளும் கேக்கல, நானும் பேசல. ஒங்க ஆஸ்பத்திரி நாசரேத்து நேசக்குமார் லீவு முடிஞ்சி நாளைக்கு பிளேன் ஏறுதான், அவன் கொண்டு வார நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்துக்குள்ள இத வச்சி விடுதேன். வாசம் அடிச்சா என்னயக் கொற சொல்லாத. விசயம் என்னன்னா, ஒங்கம்மை கச்சேரி பாடிட்டா ஏளா! கோயில்ல, ஊரே கேக்க, தனியா! நின்னுக்கிட்டு படிச்சேன்னா ஒக்காந்துக்க, மொதல்ல இருந்து சொல்லுதேன்.

இப்ப மீன்பிடி தடைக்காலம்லா, வெசப்படகெல்லாம் கரையில கெடக்கு, ஆம்பளைய பூராவும் வேப்பமரத்தடியில சீட்டு வெளாடிட்டுக் கெடந்தானுவ. புதுசா வந்த பங்குச்சாமிக்கு அதப் பாக்கப் பொறுக்கல. மெட்ராசுல சங்கீத வாத்தியாரா இருக்க ஈவாஞ்சலின் டீச்சரப் புடிச்சி, அவியளும் நாசரேத்துக்காரியதான், மூணு சனிக்கிழம சாய்ங்காலம் நம்ம கோயில்ல கச்சேரின்னு அறிவிச்சிட்டாவ. மேளம் கிடாரு ஒண்ணும் கெடையாது, வெள்ளக்காரன் முந்நூறு வருசத்துக்கு முந்தி எழுதி வச்ச சங்கீதம், வயலின் மாரியே சின்னதும் பெருசுமா நாலு, வாசிக்க நாலு பேரு. அதுல பெவின்னு ஒரு பய, ஈர்க்குச்சி மாரி இருக்கான், அவன் வாசிக்கது ஆள் ஒசரம். செல்லோவாம். கால் ரெண்டுக்கும் நடுவுல வச்சிக்கிட்டு வில்லத் துடுப்பு போடுத மாரி இழுக்கான். சத்தம் எப்பிடி இருக்கும்னா, விடிய முந்தி ஹார்பர்ல இருந்து கப்பல் ஊதுறது நம்ம வீட்டுல கேக்கும்லா, அந்த மாரி வயித்துக்குள்ள வந்து ஒக்காருது.

மொத சனிக்கிழம கோயில் நெறஞ்சி போச்சி. அவிய சுருதி சேத்து முடிக்கவும் நம்ம ஆளுவ அதான் மொதப் பாட்டுன்னு நெனச்சி ஆமென்னு சொல்லிட்டானுவ. அது போவட்டும். மூணாவது பாட்டு ரொம்ப மெதுவா போச்சி, பூசையில சாமி அப்பத்த ஒசத்த, எல்லாரும் முட்டுக்கால் போட, எழுந்தேற்ற மணி அடிக்கையில ஒரு அடக்கம் வரும் பாரு, அச்சு அசல் அதே மாரி. முன் பெஞ்சில ஒரு பொம்பள பொத்துனு முட்டுக்கால் போட்டா. அவளப் பாத்து பக்கத்துல உள்ளவ, அவளப் பாத்து பின் பெஞ்சி, கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள கோயில் முழுக்க முட்டுக்கால்ல நிக்கி. நானுந்தான். வாசிக்க நாலு பேருக்கும் முழி பிதுங்கிப் போச்சி, என்ன தப்பு பண்ணிட்டோமோன்னு வெலவெலத்துப் போயே வாசிச்சி முடிச்சாவ. மொதல்ல முட்டுக்கால் போட்டது யாருன்னு நெனக்க, ஒங்கம்மைதான். அன்னைக்கு ராச்சோத்துக்கு ஒக்காரையில அவள நான் கேலி பண்ணியே தீத்துட்டேன். சாமியும் மறு வாரம் மைக்குல சொல்லிட்டாவ, இது பூச இல்ல, எல்லாரும் பெஞ்சில இருக்கணும், அவிய வில்ல கீழ எறக்குன பொறவு கை தட்டணும்னு.

ரெண்டாவது வாரம் முடிஞ்சதும் டீச்சரு, கடைசி வாரத்துக்கு ஒங்க ஊருப் பாட்டு ஒண்ணு வேணும், நாங்க கூட வாசிக்கோம்னு கேட்டாவ. கொயர் பொம்பளைய எல்லாரும் ஒங்கம்மையப் புடிச்சித் தள்ளிட்டாளுவ. கிறிஸ்மஸ் பூசையில நீயும் அவளும் ரெண்டு கொரலாப் பாடுவியளே மாதா தாலாட்டு, அத. நீ அயர்லாந்து போனதுல இருந்து அவ அதப் பாடவே இல்ல, ஒனக்குத் தெரியாது. கொயர்ல கூட்டத்தோட சேந்து வாயசைப்பா, தாலாட்டுன்னா இருமல் வந்துரும். ரெண்டாவது கொரலு இல்லாம ஒத்தையில எப்பிடிப் பாடன்னு டீச்சர்கிட்ட தப்பிக்கப் பாத்தா. அவிய விடுவாவளா, ரெண்டாவது கொரல பெவின் செல்லோவுல வாசிப்பான்னுட்டாவ. ஆவ, ஏளா, ஒன் எடத்துல இப்ப இருக்கது ஒரு மரப்பொட்டி, தெரிஞ்சிக்க. ஒன்னய விட சுருதி சுத்தம்.

கடைசி சனிக்கிழம காலையில ஒத்திகை. டீச்சரு இவளப் பீடத்துக்கு முன்னால நிப்பாட்டி, ஆளுவளப் பாத்து திரும்பி நில்லுங்கம்மான்னாவ. இவ திரும்பல. பீடத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு நான் நிக்க மாட்டேன், எங்கம்மை எனக்கு அப்பிடிச் சொல்லித் தரலன்னுட்டா. சாமி வந்து, நற்கருணை ஆண்டவர பக்கத்து அறைக்கு மாத்தி வச்சாச்சும்மா, தைரியமா திரும்புங்கன்னு சொன்னாவ. அவ்வளவுதான். ஏஞ்சாமி, நான் பாடுததுக்காவ ஆண்டவர் எடம் மாறணுமா, நான் என்ன அவ்வளவு பெரிய பாட்டுக்காரியான்னு ஒரே பிடி. பீடத்தப் பாத்துப் பாடுனா முதுகத்தான் ஊரு பாக்கும், டீச்சருக்கு அது சரிப்படல. சரி, நான் வீட்டுக்குப் போறேன், சோத்துக்கு ஒலை வைக்கணும்னு கெளம்பிட்டா. நான் அவ கையத்தான் பாத்தேன், கைலேஞ்சியப் போட்டு முறுக்கு முறுக்குன்னு முறுக்குதா. பக்தியும் உண்டு, அதுல பாதி பயமும் உண்டு. இத விட்டா இனி அவ சென்மத்துக்கும் பாட மாட்டான்னு எனக்குத் தெரிஞ்சி போச்சி. நான் எந்திச்சி, பாட்டுன்னா கேக்கதுக்குத்தான, பாக்கதுக்கா, கொயர் எப்பவும் நிக்குத, பின்வாசல் மேல உள்ள மச்சுல நின்னு பாடட்டும், பீடமும் முன்னால இருக்கும், ஊரும் அங்கன திரும்பித்தான் இருக்கும்னேன். ஒங்கம்மை என்னய ஒரு பார்வ பாத்தா. கலியாணம் ஆயி இத்தன வருசத்துல நான் சொன்னத அவ மறுத்துப் பேசாம நின்னது அன்னைக்குத்தான்.

ஆனா மச்சுப்படி ஒனக்குத் தெரியும்லா, பனமரத்த முறுக்குன மாரி சுத்திச் சுத்திப் போவும். வயலின்காரவிய ஏறிட்டாவ. செல்லோ ஏறல, ரெண்டாவது திருப்புலயே முட்டிக்கிட்டு. அது பக்கத்துல இல்லன்னா நான் பாட மாட்டேன்னு மேல நின்னுக்கிட்டு இவ. வெசப்படகு வில்பிரட்டுக்கு ஆள் அனுப்புனேன். அவன் படகுல இருந்து கப்பியும் வலைக்கயிறும் கொண்டாந்துட்டான், கூட அவன் ஆளுவ நாலு பேரு. நம்ம வீட்டு மெத்தையிலயும் போர்வையிலயும் செல்லோவச் சுத்தி, கொழந்தைக்கு தூளி கட்டுத மாரி கட்டுனோம். பெவின் பய அழுதுருவான் போல, அண்ணாச்சி பாத்து அண்ணாச்சி பாத்துங்கான். பயப்படாதல, போன மாசம் இதே மாரி ஒரு பிரிட்ஜு ஏத்துனோம், கீழ விழுந்தது அது ஒண்ணுதான்னு சொன்னேன். வெளுத்துட்டான். பொறவு இழுக்கையில நம்மாளுவளுக்கு வாய் சும்மா இருக்குமா, அம்பா பாட ஆரம்பிச்சிட்டானுவ, கோயிலுக்குள்ள என்னல வலை இழுக்க பாட்டுன்னு உபதேசியாருக்குக் கோவம். டீச்சரு மட்டும் கைய ஆட்டி, பாடுங்க பாடுங்கன்னு தாளம் போட்டாவ. ஒரு கீறல் இல்லாம மச்சுல ஏறிட்டு. பெவின் அதக் கட்டிப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்துட்டான்.

சாய்ங்காலம் ஊரு பூராவும் பெஞ்சில இருந்து பீடத்துப் பூவப் பாத்துக்கிட்டு இருக்கோம், முன்னால ஒரு ஆளு கெடையாது. ஒங்கம்மை மொத அடி எடுத்தா. கொரலு நடுங்கிச்சி. அப்ப செல்லோ கீழ இருந்து மெதுவா வந்து தாங்குச்சி, நீ தாங்குவேல்லா அதே எடத்துல. அதுக்குப் பொறவு அவ எங்கன போனான்னு எனக்குச் சொல்லத் தெரியல. ரேசன் கடைக்குப் போங்க, குளிச்சிட்டு வாங்க, பீடிய அணையுங்கன்னு காலம் பூரா கத்துத கொரலுதான். இதுக்குள்ள இப்பிடி ஒண்ண வச்சிருந்தாளா கள்ளி.

பாட்டு முடிஞ்சிட்டு. கை தட்டணும், சாமி சொல்லித் தந்தாவ. ஒருத்தனும் தட்டல. வில்பிரட் மெல்ல எந்திச்சி முட்டுக்கால் போட்டான். நான் போட்டேன். கோயில் முழுக்கப் போட்டுச்சி. இந்தத் தடவ யாரும் பூசன்னு நெனச்சிப் போடல. மேல இருந்து பாத்த பெவின், ஐயோ திரும்பவும் தப்பாயிட்டுன்னு சொன்னானாம். அதுக்கு ஒங்கம்மை, சும்மா இரி மக்கா, அவிய கை தட்டுதாவன்னு சொன்னாளாம். அவந்தான் பொறவு எங்கிட்ட சொன்னான். எனக்கு முட்டு புடிச்சிக்கிட்டு எந்திக்க முடியல, வில்பிரட்டுதான் கயிறு இல்லாம தூக்கி விட்டான்.

அடுத்த தடைக்காலத்துக்கும் கச்சேரி உண்டுன்னு சாமி அங்கனயே சொல்லிட்டாவ. செல்லோவையும் கூட்டிட்டு வாரேம்மான்னு டீச்சரு இவகிட்ட சொன்னதுக்கு, அது கச்சேரிக்கு வரட்டும், தாலாட்டுக்கு வேண்டாம், அந்தக் கொரலுக்கு ஆளு இருக்குன்னுட்டா. சொல்லிட்டு என்னயப் பாத்து, பிள்ளைகிட்ட மூச்சு விடப்படாதுன்னு கண்ணக் காட்டுதா. நான் மூச்சு விடல. எழுதத்தான் செஞ்சேன்.

கருவாட்ட மாப்ளைக்கும் குடு, நீயே தின்னு தீத்துராத. நேரத்துக்கு ஒறங்கு. போன்ல பேசையில தொண்ட ஏன் கட்டியிருக்குன்னு அவகிட்ட கேளு, என்ன பொய் சொல்லுதான்னு பாப்போம். இங்கன இருந்தே ஒன் நெத்தியில சிலுவ போடுதேன், மாப்ளைக்கும் போடுதேன், அவருக்கு நெத்தி ஏறிக்கிட்டே போவுது, ரெண்டு போட எடமிருக்கு. ஆண்டவரும் மாதாவும் ஒங்களக் காப்பாத்தட்டும்.

ஒன் அப்பன்
ஜேசுபாதம்

கயித்தையும் கப்பியையும் வில்பிரட் திருப்பிக் கேட்டான், குடுக்கல, நம்ம வீட்டுலதான் இருக்கு. அயர்லாந்து வெண்ணெயத் தின்னு நீ ஊதிப் போயி மச்சுப்படியில முட்டிக்கிட்டேன்னா என்ன செய்ய. செல்லோவுக்கு நாலு ஆளு போதும். ஒனக்கு ஆறு ஆளு சொல்லி வச்சிருக்கேன்.