ஃபேன் சத்தம் நின்ற இரண்டு வாரம்

ஜூலை 7, திங்கள்

ஃபிரிஸ்கோ. காலை எட்டு மணிக்கே 91 டிகிரி ஃபாரன்ஹீட்.

இன்று ஒரு முடிவு எடுத்தேன். நாற்பத்து மூன்று வருடத்தில் யாருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல், கமிட்டி வைக்காமல், தன்னந்தனியாக நான் எடுத்த முடிவுகள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று. என் மனைவி வித்யாவின் லேப்டாப் ஃபேன் சத்தத்தை நிறுத்தினேன்.

காரணம்: எங்களுக்குப் படிப்பறை ஒன்று, மேசை இரண்டு. ஒன்பது மணி மீட்டிங்கில் மேனேஜர், ஏர்போர்ட்டிலிருந்து பேசுகிறாயா என்று கேட்டார். நான்கு பேர் சிரித்தார்கள். அதில் இரண்டு பேர் மியூட்டை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள்.

வி. (இனி அப்படியே) மகள் அனுவை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போயிருந்த நேரம். ஒன்பதே முக்கால். லேப்டாப்பின் அமைப்புப் பக்கத்தில் பச்சை இலை போட்ட ஒரு பொத்தான். இதில் படம் காட்ட இரண்டு பேர் உண்டு. உள்ளேயே இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ்: மெயில், சமையல் வீடியோ போன்ற வேலைகளுக்கு. தனி கிராஃபிக்ஸ் கார்டு: கனமான வேலைக்கு. இலையை அழுத்தினால் தனி கார்டு அடியோடு அணைந்துவிடும். வீட்டில் இரண்டு பேருக்குத் தகுதி இருந்தும் ஒருவர் மட்டும் வேலைக்குப் போவது போன்ற ஏற்பாடு. வீடு அமைதியாக இருக்கும்.

அழுத்தினேன். அமைதி.

மதியம் வி.க்கு, பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் உள்ள ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்திடமிருந்து மெயில். டெஸ்ட். சின்ன வீடு ஒன்றை வடிவமைத்து, அதற்குள் நடந்து போவது போல இரண்டு நிமிட வீடியோ அனுப்ப வேண்டும். கெடு வெள்ளி மாலை ஐந்து. வி. கோயம்புத்தூரில் படித்த ஆர்க்கிடெக்ட். இங்கே வந்து பதினோரு வருடமாக என் விசாவில் தொற்றி இருப்பவள். வேலை அனுமதி கார்டு வந்து மூன்று மாதம். அனுப்பிய விண்ணப்பம் நிறைய. பதில் வந்தது இது ஒன்றுக்குத்தான்.

வாங்க வேண்டியது: பால், கொத்தமல்லி, ஏசி ஃபில்டர்.

ஜூலை 8, செவ்வாய்

98. மேகம் இல்லை.

வி.யின் வீடு நடக்க மறுக்கிறது. ஓரடி வைத்தால் அரை நிமிடம் நிற்கிறது. இதுவரை பழகியதெல்லாம் சின்ன ஃபைல், இது பெரிசு, அதனால்தான் என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறாள்.

இலை ஞாபகம் வந்தது. சொல்லிவிடலாம் என்று காபியோடு போனேன். பொள்ளாச்சித் தங்கையோடு போனில் இருந்தாள். ஸ்பீக்கரில்.

“மாமாவப் பாக்கச் சொல்லுக்கா. அவரும் ஆர்க்கிடெக்ட்தான?”

“அவரு ஸ்லைடு போடற ஆர்க்கிடெக்ட்டி. பொட்டி பொட்டியா வரைஞ்சு நடுவுல அம்புக்குறி போடுவாரு.”

இருவரும் நெடுநேரம் சிரித்தார்கள். தகவலில் பிழை இல்லை. நான் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட். பெட்டியும் அம்புக்குறியும்தான். காபியைக் கதவோரத்திலேயே குடித்து முடித்துவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன்.

மாலையில் அவளே கேட்டாள். இருபது நிமிடம் லேப்டாப்பைப் பார்த்தேன். எந்த கார்டைப் பயன்படுத்துவது என்று கேட்கும் இடத்தில், சிக்கனம், முழு வேகம் இரண்டுக்கும் நேராக அதே சின்ன கிராஃபிக்ஸின் பெயர். புருவத்தைச் சுருக்கினேன். தனி கார்டு செத்துவிட்டது என்றேன். ஒரு டாக்டர் சொல்வது போல, மெதுவாக.

“சரியாகாதுங்களா?”

“கஷ்டம்மா.”

ஜூலை 9, புதன்

அனுவின் நூலகப் புத்தகம் தொலைந்தது. கிடைத்தது. ஃப்ரிட்ஜ் மேல்.

வி. இன்று செய்து பார்த்தவை: கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டது, மூன்று முறை. விண்டோஸ் அப்டேட். ஐஸ் பை மேல் டவல், டவல் மேல் லேப்டாப். தெரியாத ஒருவர் இந்தியில் விளக்கிய நாற்பது நிமிட வீடியோ. சாமி படத்துக்கு முன் ஐந்து நிமிடம். 

இலை இருக்கும் பக்கத்தை அவள் திறக்கவில்லை. செத்ததை எழுப்ப யாரும் சிக்கனப் பொத்தானில் தேடுவதில்லை.

அனு எட்டிப் பார்த்து, “ஒய் இஸ் அம்மாஸ் ஹவுஸ் ஃப்ரோஸன்?” என்று கேட்டாள். பத்து வயது.

என் மீட்டிங்குகள் தெளிவாகக் கேட்கின்றன. மேனேஜர் பாராட்டினார்.

ஜூலை 10, வியாழன்

101. வாசல் புல் காய்ந்ததற்கு எங்கள் பகுதி வீட்டு உரிமையாளர்கள் சங்கத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம்.

வீட்டை இலேசாக்கினால் நகரும் என்று வி. முடிவு செய்தாள். முழு வீட்டையும் தனி ஃபைலாகச் சேமித்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்த வரிசை: மரங்கள். திரைச்சீலை. நடுமுற்றத்துத் தண்ணீர். தண்ணீரிலிருந்து சுவரில் ஆடும் வெளிச்சம். மேற்கு ஜன்னல் நிழல். நாற்காலிகள். கடைசியாக மனிதர்கள்.

இப்போது அது எங்கள் தெருவில் உள்ள எந்த வீட்டையும் போல இருந்தது. அப்போதும் திக்கித் திக்கித்தான் நடந்தது.

அவள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். “லேப்டாப் இல்லீங்க. எனக்குத்தான் எல்லாம் மறந்துபோச்சு போல. பதினோரு வருஷம் ஆச்சுல்ல.”

“இருக்கலாம்,” என்றேன்.

ஒரு சொல்தான். அவள் நாற்காலியைத் திரும்பத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இந்தச் சிக்கனத்தை ஸ்லைடில் கடைப்பிடிக்க முடிந்தால் நல்லது.

ஜூலை 11, வெள்ளி

இலேசாக்கிய வீட்டின் வீடியோவை 4:52க்கு அனுப்பினாள். எட்டு நிமிடம் மிச்சம். பிறகு கோயில். நான்தான் ஓட்டினேன். பார்க்கிங் கிடைக்கவில்லை, இரண்டு சுற்று. பிரகாரத்தில் அவள் பதினோரு சுற்று.

ஜூலை 16, புதன்

பதில். உங்கள் சிந்தனை எங்களுக்குப் பிடித்திருந்தது, தொழில்நுட்பத் திறன் இன்றைய தரத்துக்குப் போதாது, வாழ்த்துகள். ஆங்கிலத்தில் இதைவிட மரியாதையாக இருந்தது. வி. இரண்டு முறை சத்தமாகப் படித்தாள். பிறகு ரசம் வைத்தாள். ரசத்தில் உப்பு சரியாக இருந்தது.

சாப்பிடும்போது சொன்னாள்: “அத வித்துருங்க. பாத்தாலே எரிச்சலா இருக்குது.”

இலையை இப்போது எடுத்துவிடலாம். ஆனால் செத்தது பிழைத்தால் விளக்கம் சொல்ல வேண்டும். தமிழ் வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் போட்டேன்: லேப்டாப், நல்ல நிலை, தனி கிராஃபிக்ஸ் கார்டு வேலை செய்யாது. ஒளிவுமறைவு கூடாது.

ஜூலை 19, சனி

102. வாங்க வந்தது ரிச்சர்ட்சனில் மாஸ்டர்ஸ் படிக்கும் பெண். தாரணி, நாமக்கல். பாடக் குறிப்பு எழுதினால் போதும், கார்டு வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தாள். வி. காபி கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

தாரணி லேப்டாப்பைத் திறந்து அங்கே இங்கே தட்டினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“அண்ணா, கார்டு சாகல. ஈக்கோ மோட்ல போட்டு ஆஃப் பண்ணியிருக்காங்க. இந்த இலை இருக்கு பாருங்க.”

அழுத்தினாள். திரை ஒருமுறை கண் சிமிட்டியது. ஃபேன் எழுந்தது.

“தானாவே ஆஃப் ஆயிருக்குமாம்மா?” என்று வி. கேட்டாள்.

“இல்லக்கா. இந்த மாடல்ல தானா ஆகாது. யாராச்சும் வந்து அமுக்கணும். பெரிய ஃபைல் எதுனா இருக்கா, ஓட்டிப் பாக்கலாம்?”

வி. குனிந்து, சேமித்து வைத்திருந்த முழு வீட்டைத் திறந்தாள். வாசல், கூடம், நடுமுற்றம். எங்கும் நிற்காமல் நடந்தது. மரம் அசைந்தது. தண்ணீரின் வெளிச்சம் சுவரில் ஆடியது. மேற்கு ஜன்னல் பக்கம் ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து ஸ்லைடு போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கென்று தனி அறை, கதவோடு. நான் இதை முன்பு கவனித்திருக்கவில்லை.

“சூப்பரா இருக்குக்கா. நீங்க பண்ணுனதா?”

வீடு நன்றாகத்தான் இருந்தது.

வி. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாள், விற்கவில்லை என்றாள், ஒரு டப்பா முறுக்கு கொடுத்து கார் வரை போய் அனுப்பிவிட்டு வந்தாள். கதவைத் தாழிட்டாள். குரல் உயரவில்லை.

“என்னிக்குங்க அமுக்குனீங்க?”

“ஏழாந்தேதி.”

“டெஸ்ட் வந்த அன்னிக்கா?”

டெஸ்ட் வந்தது மதியம், நான் அழுத்தியது காலை ஒன்பதே முக்கால். இந்த வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டினேன்.

ஜூலை 20, ஞாயிறு

ரிச்சர்ட்சன் நிறுவனத்துக்கு வி. முழு வீட்டின் வீடியோவை அனுப்பினாள். ஞாயிறாக இருந்தும் அரை மணியில் பதில் வந்தது: மிக நன்றாக இருக்கிறது, அந்த இடத்துக்கு வெள்ளிக்கிழமையே ஆள் எடுத்துவிட்டோம்.

மாலை என் மேசையை அவளும் அனுவுமாகப் பிடித்துப் படிப்பறையிலிருந்து கராஜுக்குத் தூக்கிப் போனார்கள். உதவட்டுமா என்று கேட்டேன். “நோ தேங்க்ஸ், அப்பா,” என்றாள் அனு.

ஜூலை 21, திங்கள்

104. ஒன்பது மணி மீட்டிங்கை கராஜில், காருக்குள் உட்கார்ந்து எடுத்தேன். பின்னணியில் சத்தம் எதுவும் இல்லை என்றார்கள்.