மெங்யாவுக்கு நான் கற்றுத்தந்த ஆங்கிலம்

லியன்ஜியாங்,
ஆகஸ்ட் 19

அன்புள்ள யூஹுவா அக்காவுக்கு,

பிங்சென் எழுதுவது. இங்கே நானும் மெங்யாவும் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் மகள் மெங்யா என் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். அதனால் இதை அவள் பெட்டியில் கம்பளிச் சட்டைகளுக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை திருமதி செங்கிடம் அவளை ஒப்படைத்துவிடுவேன். நியூயார்க் வரை அந்த அம்மாள் பார்த்துக்கொள்வாள்.

நான் ரொம்பக் களைத்துப்போயிருக்கிறேன், அக்கா. விடுமுறை என்று பேர்தான். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், ஐம்பத்திரண்டு பிள்ளைகள், ஐம்பத்திரண்டு நோட்டு. வீட்டுக்கு வந்தால் இவளுக்கு வகுப்பு. "நீதான் இங்கிலீஷ் டீச்சராச்சே, நாலு வார்த்தை சொல்லிக்குடுத்து அனுப்பேன்" என்று நீ சுலபமாகச் சொல்லிவிட்டாய்.

பதின்மூன்று வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். பரீட்சைக்கான மூவாயிரத்து ஐந்நூறு சொற்களும் தலைகீழாகத் தெரியும். உலகமயமா, சுற்றுச்சூழலா, எதை வேண்டுமானாலும் கேள். "சித்தி, பல்லு ஆடுதுன்னு எப்படிச் சொல்றது?" என்றாள் இவள். எனக்குத் தெரியவில்லை. மூக்கு ஒழுகுது, அவன் கிள்ளிட்டான், ஷூ கட்டிவிடுங்க, எதுவும் எங்கள் பாடத்தில் கிடையாது. அகராதியைப் புரட்டித்தான் சொல்லிக்கொடுத்தேன். வெட்கமாக இருந்தது.

பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் என் வகுப்பின் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள். அதனால் என் மாணவர்களைப் போலவே படிக்கிறாள். கையைக் கட்டி நின்று, சொல்லைச் சொல்லி, எழுத்துக்கூட்டி, மறுபடி சொல்லைச் சொல்லி, சீன மொழியில் அர்த்தமும் சொல்லித்தான் நிறுத்துவாள். "இவ பாத்ரூம் போகணும்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள நனைச்சுடுவா" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்கிறாள். எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

காலையில் மீன் உருண்டை சூப் கொடு. பச்சைப் பால் ஒத்துக்கொள்ளாது. உன்னை 'போன் அம்மா' என்பாள், கோபித்துக்கொள்ளாதே. குத்திக்காட்டுவதாக நினைக்காதே, அக்கா. நாலு மாதக் குழந்தையாக இவளை என்னிடம் அனுப்பிவிட்டு அங்கே ஓட்டல் சமையலறையில் நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா?

நேற்று ஒன்று கேட்டாள். "சித்தி, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு எப்படிச் சொல்லணும்?" எந்த வீட்டுக்கு என்று கேட்டேன். "நம்ம வீடுதான். வேற எந்த வீடு?" என்றாள், மக்கு மாணவியிடம் சொல்வது போல. அது எனக்கு நன்றாகத் தெரிந்த வாக்கியம். முதல் வருடப் பாடத்திலேயே வருகிறது. இங்கிலீஷில் அப்படிச் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டேன். "அப்ப சரி" என்று அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள். டீச்சர் சொன்னால் அப்படியே நம்புகிற பிள்ளை. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

இனி வீட்டிலும் ஆங்கிலம்தான், அப்போதுதான் பழகுவாள் என்று போன வாரம் சொன்னாய். அப்படியே செய். ஆனால் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லும் இந்த ஒன்றை அவள் நம் மொழியில்தான் கேட்பாள். உங்கள் இருவரைத் தவிர அங்கே யாருக்கும் புரியாது. அப்போது மட்டும் இங்கிலீஷில் சொல் என்று சொல்லிவிடாதே, அக்கா. தூக்கி வைத்துக்கொள். அவள் அழுது முடிக்கும்வரை கீழே இறக்காதே.

உன் தங்கை,
பிங்சென்