இடது ஓரம், வெட்டுக்கிளி

பேத்ரா மான்சா,
மார்ச் 30, 1980

அன்புள்ள ஞானத்தகப்பனுக்கு,

உங்கள் ஆசி வேண்டும். பெலோ ஹொரிசாந்தியில் மழை விட்டதா? அச்சகத்தில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நம் நெசவாலைக் கால்பந்துக் கழகம் நேற்றும் தோற்றது. அதை விவரமாக எழுத மனமில்லை.

பொன்விழாப் புத்தகத்துக்காக நீங்கள் கொடுத்துவிட்டுப் போன குறிப்பேடுகளில் முதல் பத்து ஆண்டுகளைப் பிரதி எடுத்துவிட்டேன். 1940 செப்டம்பரில் மட்டும் இரண்டு தாள்கள் மரவள்ளிப் பசையால் ஒட்டப்பட்டிருந்தன. காப்பிக் கெட்டிலின் ஆவியில் காட்டிப் பிரித்தேன். மை கொஞ்சமும் கலையவில்லை.

அக்கரை ஆலையை வெல்லும் அணிக்கு, இன்று நம் மைதானம் இருக்கும் ஆற்றங்கரை நிலம் என்று நம் ஆலை முதலாளி சொன்ன ஆட்டத்தைப் பற்றிய தாள்கள் அவை. அதில் வென்ற பதினொரு பேரின் பட்டப்பெயர்களும் இந்த ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் ஜெபம் போல மனப்பாடம். கோல்காவலில் ஆந்தை என்று தொடங்கி, இடது ஓரம் வெட்டுக்கிளி என்று முடியும். முடியும்போது எல்லோரும் திரும்பி உங்களைத்தான் பார்ப்பார்கள்.

தாளில் வேறு மாதிரி இருக்கிறது. செப்டம்பர் 8-ஆம் தேதி நம் ஆண்கள் அணி நான்கு கோல் வாங்கித் தோற்றது. முதலாளி சிரித்து, "இனி உங்க பொம்பளைங்கள இறக்கிப் பாருங்க" என்றாராம். 15-ஆம் தேதி ஆலைப் பெண்கள் அணி அக்கரைப் பெண்களை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. ஒவ்வொரு பட்டப்பெயருக்கும் எதிரில் ஒரு பெண்ணின் பெயர். வெட்டுக்கிளிக்கு எதிரில்: "எவுலீனா தோஸ் ரெய்ஸ், நூல் சுற்றும் பிரிவு. இரண்டு கோலும் இவரே."

கழகத்தின் ஜெர்சிகளைத் துவைக்கும் எவுலீனா அம்மாவா இது? யாரோ தவறாக எழுதியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள்தான் விளக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஞானமகள் ஜூரேமா


பெலோ ஹொரிசாந்தி,
ஏப்ரல் 9, 1980

அன்பு மகளே ஜூரேமா,

கடவுள் உன்னை ஆசீர்வதிப்பாராக. உன்னிடம் பிரதி எடுக்கத்தான் சொன்னேன். பசையைப் பிரிக்கச் சொல்லவில்லை.

பெரியவள் ஆகிவிட்டாய், சொல்கிறேன். அந்த ஆட்டம் முடிந்த மறு வருடமே பெண்கள் கால்பந்து ஆடக்கூடாது என்று அரசாணை வந்தது. கழகத்தின் பதிவும் போகும், நிலமும் போகும் என்று போலீஸ் அதிகாரி மிரட்டினார். அக்கரைக் கழகத்துக்கும் அதே பயம், அவர்களும் வாயைத் திறக்கவில்லை. ஊர் வாயில் பட்டப்பெயர்கள் மட்டும்தான் புழங்கின. எனவே கழகத் தலைவர் ஒவ்வொரு பட்டப்பெயருக்கும் ஓர் ஆணைத் தேடிப் பிடித்தார். எனக்கு இருபத்தொரு வயது, செருப்புத் தைப்பவரின் மகன். வெட்டுக்கிளியை என்னிடம் தந்தார்கள். கழகத்துக்காக வாங்கிக்கொண்டேன்.

மற்ற பத்துப் பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மைதானத்தின் கிழக்கு அரங்குக்கு என் பெயரை வைக்கப்போகிறார்கள். இப்போது இது வெளியே வந்தால் அக்கரைக்காரன் என்ன பாடுவான் தெரியுமா? "உங்க சாம்பியனுக்குப் பாவாடை எத்தன முழம்?" ஆயுள் முழுக்கப் பாடுவான். தாள்களை மறுபடி ஒட்டிவிடு. நல்ல பெண் அல்லவா.

ஞானத்தகப்பன்,
அனீசியோ


பேத்ரா மான்சா,
ஏப்ரல் 17, 1980

ஞானத்தகப்பனுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

1941-இல் நீங்கள் பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சட்டத்தைப் போன வருடமே எடுத்துவிட்டார்கள். செய்தித்தாளிலிருந்து வெட்டி நானே உங்களுக்குக் காட்டினேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டுக் காப்பிக்குச் சர்க்கரை கேட்டீர்கள். இப்போது யாருக்குப் பயப்படுகிறீர்கள்? ஒரு பாட்டுக்கா?

எவுலீனா அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அரங்கின் பின்னால் ஜெர்சிகளைப் பிழிந்துகொண்டிருந்தார். தாளைக் காட்டினேன்.

"இத எங்கடி புடிச்ச?" என்று கேட்டார். கையை ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் தொட்டார்.

"அப்ப வெட்டுக்கிளி நீங்கதானா?"

"பின்ன அனீசியோவா? அவன் பந்த எத்துனா செருப்புதான் பறக்கும்! என் பூட்ஸத் தச்சுக் குடுத்தான், அது மட்டும் நெசம். நல்லாத்தான் தச்சான்."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னேனே. அம்பத்தெட்டாம் வருஷம் சொன்னேன். கிறுக்கச்சினு சிரிச்சானுங்க. அவனும் பக்கத்துல நின்னு சிரிச்சான்."

ஞானத்தகப்பனே, நீங்கள் சிரித்தீர்களா? வரலாறு என்று அட்டையில் போட்டு அச்சடிக்கிறீர்களே, இந்த ஒரு கேள்விக்காவது பதில் எழுதுங்கள். ஒட்டிய பக்கத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். இன்னும் அச்சுக் கோக்கவில்லை என்றால் சேர்க்கலாம்.

ஜூரேமா


பெலோ ஹொரிசாந்தி,
மே 2, 1980

ஜூரேமா,

புத்தகம் அச்சாகிவிட்டது. ஊர் அறிந்த பெயர்கள் ஊர் அறிந்தபடியே இருக்கின்றன. நன்றியுரையில் உன் பெயரும் இருக்கிறது. குறிப்பேட்டை உன் அம்மாவிடம் கொடு.

மே 18 பொன்விழாவில் ஒலிபெருக்கியில் பதினொரு பெயர்களையும் நீதான் படிக்க வேண்டும் என்று நிர்வாகிகளிடம் முன்பே சொல்லியிருந்தேன். அதை மாற்றவில்லை. எழுதிக் கொடுப்பதைப் படி, போதும்.

அனீசியோ


பேத்ரா மான்சா,
மே 21, 1980

திரு. அனீசியோ அவர்களுக்கு,

ஆறாவது பெயரை நான் படிக்கும்போதே நீங்கள் மேடையிலிருந்து இறங்கிப் பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மீதி உங்களுக்குத் தெரிந்திருக்காது. எழுதுவது என் கடமை.

"கோல்காவல், ஆந்தை: ஒளிந்தீனா பராஸ், நெசவுப் பிரிவு" என்று தொடங்கியபோது யாருக்கும் விளங்கவில்லை. மூன்றாவது பெயரில், விழா ஆட்டத்துக்கு வந்திருந்த அக்கரை ரசிகர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பாவாடைப் பாட்டைப் பாடினார்கள். நீங்கள் சொன்னது சரிதான். நம் ஆட்கள் சிலர், "மைக்கப் புடுங்குங்கடா!" என்று கத்தினார்கள். ஓர் ஆரஞ்சுத் தோல் என் தோளில் விழுந்தது. ஆனாலும் ஒரு பெயரையும் விடவில்லை.

கடைசிப் பெயரைப் படித்ததும் எவுலீனா அம்மா அரங்கின் பின்னாலிருந்து வந்தார். நன்றி சொல்வார் என்று முட்டாள்தனமாக நினைத்துவிட்டேன்.

"யாருடி ஒன்னக் கேட்டது? நாளைக்கு எனக்கு யாரு வேல குடுப்பா? ஒங்கொப்பனா?" என்று எல்லோர் முன்னாலும் திட்டினார். நான் அழுதுவிட்டேன். அதற்குள் அக்கரைக் கூட்டத்திலிருந்து ஒரு கிழவி கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அலறினாள்: "அடியே எவுலீனா! அன்னிக்கு என் முட்டிய ஒடச்சியே! ஆம்பளைங்க பேரப் படிக்கும்போதெல்லாம் பல்லக் கடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்டி!"

"நீதான குறுக்க வந்து விழுந்த, பல்லி!" என்று இவரும் அந்தக் கிழவியின் பழைய பட்டப்பெயரைச் சொல்லிக் கத்தினார். பாட்டு நின்றுவிட்டது.

என் அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. எவுலீனா அம்மாவின் வேலை நிலைக்குமா என்று கழகம் இன்னும் சொல்லவில்லை. குறிப்பேட்டை உங்களுக்கு அனுப்ப மாட்டேன். அது எவுலீனா அம்மா வீட்டில் இருக்கிறது. மன்னிப்புக் கேட்கவும் இதை எழுதவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் அவர் மேடையில் ஏறி, "நகருங்க, நின்னு நின்னு கால் கடுக்குது" என்று நிர்வாகிகளைத் தள்ளிவிட்டு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசி விசில் வரை அங்கேதான் இருந்தார், நம் இடது ஓரக்காரனை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு.

ஜூரேமா