லேண்ட் ரோவர் ஓடுகிறது, மச்சான்

டத்தோ கிராமாட், பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு மர்ஜானா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இருக்கிறேன். பெர்த்தில் குளிர் தொடங்கிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். மூச்சிரைப்பு மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் லேண்ட் ரோவர் ஓடுகிறது. ஒரு வருட ஒப்பந்த வேலை என்று நீங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, அது போர்ச்சில் சக்கரமில்லாமல் கட்டைகள் மேல் நின்றது. இப்போது நாலு வருடம் முடிந்துவிட்டது. இடையில் ஒருநாள் போனில், "இரும்புக் கடைக்காரனக் கூப்பிட்டுத் தள்ளிவிடுலா" என்றீர்கள். கூப்பிட்டேன். அவர் வந்து பானெட்டைத் தட்டித் தட்டிப் பார்த்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஜுருவில் பட்டறை வைத்திருக்கும் தனேஷை வரவழைத்தேன். உடம்பு அலுமினியம், அறுபது வருடமாகியும் ஒன்றும் ஆகவில்லை, அடியில் இருக்கும் இரும்புச் சட்டம்தான் விரலால் அழுத்தினாலே உதிர்கிறது என்றார். "அக்கா, சேசிய நான் வெல்டிங் பண்ணித் தரேன். மத்ததுக்கு ஸ்பேனர் புடிக்கத் தெரிஞ்சாப் போதும்லா." வண்டி ஆறு வாரம் அவரிடம் இருந்தது. கிளினிக் வேலை முடிந்து வந்து போர்ச்சைப் பார்த்தால் உள்ளே போகவே மனம் வராது. துணிக்கொடியை அங்கே மாற்றிக் கட்டினேன்.

மற்ற வேலைகளை நானே செய்தேன். உங்கள் வண்டிக் கைப்புத்தகத்தின் ஓரங்களில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறீர்களே, எதை முதலில் கழற்ற வேண்டும், எந்த நட்டு கோபக்காரன் என்று? எல்லாவற்றையும் படித்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நீங்கள் என்னிடம் அவ்வளவு விளக்கமாகப் பேசியதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், படித்தபோது தோன்றியதைச் சொல்கிறேன்.

பிரேக்கில் காற்று எடுக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். பக்கத்து வீட்டுக் குணவதி அக்கா கேட்காமலே வந்து உட்கார்ந்தார். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிற மனுஷி. "அமுக்குங்கக்கா, விடுங்கக்கா" என்று கீழிருந்து கத்தினேன். வீட்டில் நான் சத்தமாகப் பேசி எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் நினைத்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் பெரிய மழை. வீதியில் முழங்கால் வரை தண்ணீர். அக்காவுக்கு அன்று டயாலிசிஸ் நாள். வாடகைக் கார் எதுவும் வரமாட்டேன் என்றது. ஏற்கெனவே ஒருமுறை தவறியதில் அவருக்கு முகமெல்லாம் வீங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உங்கள் குறிப்பில் இருந்தபடி விசிறி பெல்ட்டைக் கழற்றினேன், இல்லையென்றால் விசிறி தண்ணீரை வாரி எஞ்சின் மேல் அடிக்குமே. ஈரம் பட்டால் எஞ்சினை நிறுத்திவிடும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிளாஸ்டிக் பையால் சுற்றினேன். மெதுவான கியருக்கான சிவப்பு நெம்புகோலை இழுத்து, எங்கும் நிறுத்தாமல் மெதுவாகவே போனேன். பம்பர் முன்னால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். நான் பிஸ்மில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மேட்டுச் சாலை வந்ததும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு மருத்துவமனை போய்ச் சேர்ந்தோம். நேரத்துக்கு வந்தது நல்லது என்றார் நர்ஸ்.

அக்காவை உள்ளே அனுப்பிவிட்டு நாலு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சிரிப்பு வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினீர்கள்.

அதற்கு அடுத்த வாரம், உங்களோடு அங்கே வேலை செய்யும் ஹஸ்ருல் விடுமுறையில் வந்து வீட்டுக்கும் வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். பெர்த்தில் எடுத்த பெருநாள் படங்களைக் காட்டினார். ஒரு படத்தை அவசரமாகத் தள்ளினார், ஆனாலும் நான் பார்த்துவிட்டேன். உங்கள் மடியில் இரண்டு வயதுப் பிள்ளை. நெற்றி அப்படியே உங்களுடையது. ஹஸ்ருல் டீயைக் குடிக்காமல் குனிந்துகொண்டார். கிளம்பும்போது நீங்கள் இப்போது இருக்கும் வீட்டு முகவரியை மட்டும் கேட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டு, "மன்னிச்சிருங்கக்கா" என்றார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? அவரைத் திட்டாதீர்கள்.

எனக்கு ஒன்றே ஒன்று செய்து தர வேண்டும். வண்டியின் கிராண்ட், அந்த உரிமைப் பத்திரம், உங்கள் பெயரில் இருக்கிறது. அதை என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். நீங்களே நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டுமாம். ஒருநாள் போதும். ஏர்போர்ட்டுக்கு நானே வந்து அழைத்துப் போவேன். வேறு எதையும் கேட்க மாட்டேன். நீங்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் வேறு யாராவது பிரித்திருந்தால் அவருக்கும் என் ஸலாம். பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் தெரியாமலே ஐந்து நேரமும் துஆ கேட்கிறேன். அல்லாஹ் அதற்கு நீண்ட ஆயுளையும், பக்கத்திலேயே இருக்கும் தகப்பனையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மர்ஜானா